மர இம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் ‘ஆசிரியர்கள் புத்தகம் வாசிப்பதில்லை, அதனால்தான் பிள்ளைகளுக்கும் வாசிப்பு வரவில்லை’ என்று ஒரு வரி இருந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில், மொத்தம் 34 பிள்ளைகள். நான் வாசிக்கிறவள்தான். ஆனாலும் என் வகுப்பில் 11 பேருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பாடப்புத்தகத்தைக் கடகடவென்று படிப்பான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்னடா’ என்று கேட்டால், முதல் வரியிலிருந்து ஆரம்பித்து அந்தச் சொல் வரைக்கும் ஓடி வந்துதான் சொல்வான்.

பருவத்துக்கு ஒரு முறை பயிற்சிக்குப் போகிறேன். பயிற்சி தருகிற கருத்தாளர் நன்றாகத்தான் பேசுகிறார். பாட்டு, ஆட்டம், சார்ட் எல்லாம் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் அந்த 11 பேர் அங்கேயேதான் இருக்கிறார்கள். எழுத்தில் ஆரம்பி என்கிறார் தலைமையாசிரியர். சொல்லில் ஆரம்பி என்றார்கள் ஒரு பயிற்சியில். எது சரி? பயிற்சி என்பது உண்மையிலேயே ஓர் ஆசிரியரை மாற்றுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் எங்களைக் குறை சொல்லுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் இடைநிலை ஆசிரியை

*

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த வரியில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் சொல்கிற அந்தக் கருத்தாளராக நானும் இருந்திருக்கிறேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிற வட்டார வள மையம் ஒன்றில் ஏழு வருடம் ஆசிரியர் பயிற்றுநர் வேலை. எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு ஹாலில் அறுபது ஆசிரியர்கள், கடகடவென்று சுற்றும் மின்விசிறி, பதினொன்றரைக்கு டீயும் பிஸ்கட்டும், ஆளுக்கொரு பயிற்சிக் கையேடு. ‘வாசிப்பின் படிநிலைகள்’ என்று சார்ட்டைத் தொங்கவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசுவேன். கடைசி நாள் கருத்துப் படிவத்தில் அறுபது பேரும் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிக் கொடுப்பார்கள். நானும் அதை நம்பி ஃபைலில் வைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு பயிற்சி முடிந்த அடுத்த வாரம் ஒரு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை ஓய்வு பெற ஒரு வருடமே பாக்கி. ‘சார், நீங்களே இவளை ஒரு தடவை படிக்க வையுங்களேன்’ என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை பாயில் என் எதிரே உட்கார வைத்தார். அட்டையில் ‘மரம்’ என்று எழுதியிருந்தது. பிள்ளை விரல் வைத்து, ‘ம... ர... இம்’ என்றது. சேர்த்துச் சொல்லும்மா என்றேன். ‘மர இம்’. நான் ‘மரம்’ என்றேன், அதுவும் ‘மரம்’ என்றது. அடுத்த அட்டை. ‘ப... ட... இம். பட இம்.’ நான் ‘படம்’ என்றேன், அதுவும் ‘படம்’ என்றது. ஐந்தாவது அட்டைக்கு எனக்கு வியர்த்துவிட்டது. சரியான சொல்லை நான் சொல்வதும் அது திருப்பிச் சொல்வதும்தான் நடந்ததே தவிர, பிள்ளை எதையும் படிக்கவில்லை. என் சார்ட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

தலைமையாசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘மர சொல்லு’ என்றார். பிள்ளை சொன்னது. ‘சொல்லிக்கிட்டே வாயை மூடு.’ மூடியது. ‘மரம்’ என்று வந்து விழுந்தது. பிள்ளைக்கே சிரிப்பு தாங்கவில்லை. ‘பட சொல்லு, வாயை மூடு.’ ‘படம்.’ மூன்றாவது அட்டையை அதுவாகவே எடுத்தது.

அன்றைக்கு ராத்திரி யோசித்தபோதுதான் விளங்கியது. மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். தனியாகச் சொல்வதற்கு வசதியாக முன்னால் ஓர் இகரம் சேர்த்துக்கொள்கிறோம். பிள்ளை அந்தப் பெயரையே ஒலி என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் தமிழ்ச் சொல்லில் மெய் முதலில் வராது. (ஸ்கூலையும் ப்ளாஸ்டிக்கையும் விடுங்கள்.) அதற்கு முன்னால் எப்போதும் ஓர் எழுத்து இருக்கும், அதோடு ஒட்டித்தான் மெய் ஒலிக்கும். ஆகவே கல், பல், கண், மண் என்று ஒட்டியே பழக்க வேண்டும். ‘பக்கம்’ என்பதைப் பிள்ளை ப, இக், க, இம் என்று நான்காக உடைக்கக் கூடாது. பக், கம் என்று இரண்டாகப் பார்க்க வேண்டும். ஏழு வருடத்தில் வாசிப்பு பற்றி நான் உருப்படியாகக் கற்றது இது. கற்ற இடம் ஒரு பாய்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இதுதான் என் பதில். ஹாலில் உட்கார்ந்து கேட்பது வகுப்புக்குள் வந்து சேர்வதில்லை. ஒரு பிள்ளை படிக்கும்போது உங்கள் பக்கத்தில் விஷயம் தெரிந்த இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் சேர்கிறது. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். விளக்கினாலும், செய்து காட்டினாலும், பயிற்சி அறையிலேயே ஆசிரியரைச் செய்து பார்க்க வைத்தாலும், வகுப்புக்குள் கூட வந்து கைகொடுக்க ஆள் இல்லையென்றால் பெரும்பாலும் அது நிற்பதில்லை என்பது அவர்கள் கண்டது.

இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே வடமேற்கு மாகாணத்தில் செட்சுவானா மொழி பேசும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் 2015இல் ஆரம்பித்தார்கள். 50 பள்ளி ஆசிரியர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு நாள், ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி. இன்னொரு 50 பள்ளிகளுக்குத் தேர்ந்த பயிற்றுநர் அவ்வப்போது வகுப்புக்கே போய் உட்கார்ந்தார். பாடத்திட்டக் குறிப்பு, படிநிலைப்படியான குட்டிப் புத்தகங்கள் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் செய்யாமல் விட்ட பள்ளிகளும் இருந்தன. இரண்டு வருடம் கழித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்துப் பார்த்தால், பயிற்றுநர் வந்து போன பள்ளிகளில் கூடுதல் முன்னேற்றம், ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி தந்த பள்ளிகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவு கூடுதல்தான். கிடைத்த பலனோடு வைத்துப் பார்த்தால் அதுவே லாபம்.

எனக்குச் சுவாரசியம் அந்த இரண்டு மடங்கில்கூட இல்லை. வகுப்புக்குள் என்ன மாறியது என்று உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள். பயிற்றுநர் வந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாகப் பிரித்துப் படிக்க வைத்தார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வாயால் படிக்க வாய்ப்பு கிடைத்தது. குழுவாகப் பிரிப்பது ஹாலில் கேட்கும்போது எளிதாகத்தான் தெரியும். மற்ற குழுக்கள் கூச்சல் போடும்போது இந்த ஐந்து பேரை எப்படிக் கேட்பது என்பதுதான் கஷ்டம். அந்த இடத்தில்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அதே நாட்டில் பிறகு இன்னொரு மாகாணத்தில் ஆங்கில வாசிப்புக்கு டேப்லெட் கொடுத்து, தொலைவிலிருந்தே வழிகாட்டிப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்தும் நேரில் போன பயிற்றுநர் கொண்டுவந்த வாசிப்பு முன்னேற்றம் அதில் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வீடியோ அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. ஆசிரியர் பயிற்றுநர் என்ற பணியிடமே அதற்குத்தான். நான் இருந்தபோது பள்ளிக்குப் போனால் பாதி நேரம் படிவம் நிரப்புவதில் போகும். மீதி நேரம் பதிவேடு பார்ப்பேன். ஆசிரியர் என்னைக் கண்டதும் பாடக் குறிப்பேட்டைத் தேடுவார். பதிவேடு பார்க்க வருகிறவனிடம் ‘எனக்கு இந்த இடம் வரவில்லை சார்’ என்று யார் சொல்வார்கள்? அந்தத் தலைமையாசிரியை மட்டும்தான் என்னைப் பாயில் உட்கார வைத்தார்.

திட்டங்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் பிள்ளைகள் அட்டை அட்டையாகத் தாங்களே கற்கும் முறையைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் உட்கார வைத்தது. அது சின்ன விஷயம் இல்லை. அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியும் சின்னங்களும் மிகுந்துபோய், அட்டை முடிந்தால் கற்றாயிற்று என்ற நினைப்பு வந்தது அப்புறம். 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரிப்பது சரியான யோசனை. உங்கள் 11 பேரை மூன்றாம் வகுப்புப் பாடத்தோடு கட்டி இழுக்க வேண்டியதில்லை என்று அதுவே உங்களுக்கு அனுமதி தருகிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, எழுத்தா சொல்லா? உங்கள் தலைமையாசிரியர் பக்கம் கொஞ்சம் கூடச் சாய்கிறேன். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நேரடியாக, வரிசையாகச் சொல்லித்தர வேண்டும். படத்தைப் பார்த்து, சொல்லின் வடிவத்தைப் பார்த்துப் பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டால் பாதிப் பேர் பிடிப்பதில்லை. ஆனால் 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்பதும் கொடுமை. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்த அன்றைக்கே படம், பட்டம், மடம் என்று படித்துவிடலாமே. சொல்லைப் பிள்ளை ஏற்கெனவே வாயில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. கடல், நகம், தங்கம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. தங்கம் என்ற சொல் தெரிந்த பிள்ளை தப்பாக ஆரம்பித்தாலும் தானே திருத்திக்கொள்ளும்.

நம் எழுத்தில் எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்ததுதான். உகர வரிசையில் கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். ஒற்றைக் கொம்பு கண்ணுக்கு முதலில் படுகிறது, வாயில் பிறகுதான் வருகிறது. ‘கொ’வில் ஒலி ஒன்று, குறிகள் இரண்டு, எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக. ‘கௌ’வைக் ‘கெள’ என்று படிக்கிற பிள்ளையின் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. கன்னடப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்த சோனாலி நாக், ஆங்கில எழுத்துகள் மாதிரி ஒன்றிரண்டு வருடத்தில் முடிகிற வேலை இது இல்லை, நான்காம் வகுப்பு வரைக்கும்கூட எழுத்து பிடிபட்டுக்கொண்டே இருக்கும் என்று காட்டியிருக்கிறார். தமிழில் எழுத்து குறைவு, கூட்டெழுத்துத் தொல்லையும் இல்லை. இருந்தாலும் இரண்டாம் வகுப்பில் தடுமாறுகிற பிள்ளையை மக்கு என்று ஒதுக்குவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் செய்யக்கூடியதாக ஒன்று சொல்கிறேன். நாளைக்கு ஆறு பிள்ளைகள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரண்டு நிமிடம், முன்பு பார்க்காத நான்கு வரி படிக்கட்டும். திருத்த வேண்டாம், கேளுங்கள். எங்கே நிற்கிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். ஆறு வேலை நாளில் 34 பேரும் முடிந்துவிடுவார்கள். சேர்ந்து வாசிக்கும்போது 34 குரலும் ஒன்றாகக் கேட்கும், அதற்குள்தான் அந்த 11 பேரும் ஒளிந்திருக்கிறார்கள். நோட்டைப் பார்த்தால் ஐந்து பேர் கொம்பில், நான்கு பேர் ‘இம்’மில், இரண்டு பேர் குறில் நெடிலில் என்று ஏதாவது ஒரு கணக்கு வரும். அடுத்த வாரப் பாடம் அதுதான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது சார்ட்டுக்குப் பதில் அந்த நோட்டை எடுத்துப் போங்கள். பக்கத்து ஊர் டீச்சரும் தன் நோட்டைக் கொண்டு வரட்டும். ஆசிரியர் பயிற்றுநர் வந்தால் பதிவேட்டை நீட்டுவதற்கு முன்னால் ஒரு பிள்ளையை அவர் எதிரே உட்கார வையுங்கள். எனக்கு நடந்தது அவருக்கும் நடக்கட்டும்.

இப்போது நான் கைவிடாத அந்தப் பாதி. 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது எண்ணில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் ‘போனாங்க’, புத்தகத்தில் ‘சென்றார்கள்’. கஷ்டப்பட்டுக் கூட்டிச் சேர்த்தபின் கையில் கிடைப்பது தெரியாத சொல்லாக இருந்தால் பிள்ளைக்கு என்ன சந்தோஷம்? அதற்குத்தான் தினமும் பத்து நிமிடம் டீச்சர் கதைப் புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும் என்கிறேன். எழுத்துத் தமிழ் முதலில் காதில் விழட்டும். படிக்கிற டீச்சருக்குத்தான் அது இயல்பாக வரும். என் தப்பு, இந்த ஒரு வேலை மற்றதையும் சேர்த்துச் செய்துவிடும் என்று நினைத்தது. கதை கேட்டே வளர்ந்த பிள்ளையும் ‘மர இம்’ என்றுதான் சொல்லும், வாயை மூடச் சொல்ல ஓர் ஆள் வரும் வரைக்கும்.

அந்த மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றி. முதல் வரியிலிருந்து ஓடி வந்து சரியான சொல்லில் நிற்கிறான் என்றால் சொற்களை எண்ணத் தெரிகிறது, இடமும் தெரிகிறது, ஞாபகமும் அபாரம். அவனிடம் பாடப்புத்தகத்தை மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர் வழியாகப் போகிற பேருந்துகளின் ஊர்ப் பெயர்களைத் தனித்தனி அட்டையில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். ஓடி வர முதல் வரி இருக்காது. எந்த ஊரில், எந்த எழுத்தில் நிற்கிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.