பெல்ட் மாட்டித் தருகிற பையன்

கேள்வி: அருப்புக்கோட்டையில் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக் விபத்தில் இறந்துவிட்டார். அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அவள் மகன் என்னோடு இருக்கிறான். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 19 மார்க். கபடி, கபடி என்று திரிந்தவன் இப்போது கிரவுண்டுக்கே போவதில்லை. போனைப் பார்ப்பான், இல்லையென்றால் படுத்துக் கிடப்பான். மெஷின் பெல்ட் கழன்றால் மட்டும் எழுந்து வந்து மாட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துவிடுவான். மதுரையில் இரண்டு நாள் தன்னம்பிக்கை முகாம் நடத்துகிறார்கள், 3,500 ரூபாய். சேர்த்துவிட்டால் மனசு திடமாகுமா?
- பெயர் வேண்டாம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த 3,500 ரூபாய் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். முகாம் நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கைதட்டச் சொல்வார்கள், கண்ணை மூடச் சொல்வார்கள். திங்கட்கிழமை அவன் அதே பெஞ்சில், அதே 19 மார்க்கோடு உட்கார வேண்டும். அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

மனத்திடம் என்பது சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும், மற்றவர்களுக்கு ஊட்டிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு பெண்மணிகள் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு வறுமை, வீட்டில் சண்டை, பெற்றோருக்கு நோய் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கஷ்டம். அந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர், கணக்குப் பார்த்தால் 72 பேர், நன்றாகவே வளர்ந்து ஆளானார்கள். அவர்கள் பின்னணியைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரு விஷயம் வந்தது: பாட்டியோ, பெரியம்மாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒரு டீச்சரோ, விட்டுப் போகாத ஒரு பெரியவர் ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதின்ம வயதில் தடம் மாறியவர்களில் பெரும்பாலானோர் முப்பது, நாற்பது வயதுக்குள் சரியாகிவிட்டார்கள். அதனால் பதினைந்து வயதில் ஒரு பையன் படுத்துக் கிடக்கிறான் என்பதை வைத்து அவன் கதையை முடித்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் நீங்கள்தான். ஆனால் நீங்கள் ஒருவரே போதாது; பகல் முழுக்க அவன் பள்ளியில் இருக்கிறான். அங்கேயும் ஒருவர் வேண்டும். அது வகுப்பாசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

நான் டீச்சராக இருந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு பெண். மதியத்துக்கு மேல் தூங்கி விழுவாள். 'கவனம் போதாது' என்று ரேங்க் கார்டில் சிவப்பு மையில் எழுதினேன். சத்துணவு ஆயாதான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அந்தப் புள்ள முட்டையைத் திங்கறதே இல்ல, பாவாடைல சுத்தி எடுத்துட்டுப் போவுது" என்றார். வீட்டில் மூன்று வயதுத் தம்பி இருந்தான். அதற்கப்புறம் ஆயா தினமும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது உனக்கு, நீ தின்னுட்டுப் போ" என்று நிற்பார். அறிவுரை எதுவும் சொன்னதில்லை. அந்தப் பெண் அந்தப் பள்ளியில் ஒட்டிக்கொண்டு படித்து முடித்ததற்கு ஆயாதான் காரணம், நான் இல்லை. சிவப்பு மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

உங்கள் பையனுக்கு அந்த ஆள் பி.டி. சாராக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. கபடி ஆடியவன் அல்லவா? பள்ளிக்குப் போங்கள். காலையில் பிரேயர் நேரத்தில் போகாதீர்கள், யாரும் நின்று பேச மாட்டார்கள். மதிய இடைவேளை முடிகிற நேரம் நல்லது. "பையன் படிக்க மாட்டேங்கறான்" என்று ஆரம்பிக்காமல், "இவன் உங்ககிட்ட நல்லா ஆடுவானாமே சார், இப்ப ஏன் வர்றதில்லை?" என்று கேளுங்கள். டீமில் சேர்க்கச் சொல்ல வேண்டாம். கிரவுண்டில் கோடு போட, சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க அவனைக் கூப்பிட்டால் போதும்.

வகுப்பாசிரியரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும்போது சில பள்ளிகளில், "அப்பா இல்லாதவங்க எழுந்து நில்லுங்க" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றுதான். அறுபது ஜோடிக் கண்களுக்கு நடுவில் எழுந்து நிற்கிற பையனுக்கு அது எப்படி இருக்கும்? அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்தப் பேச்சு வந்ததால் ஒன்று: சம்பாதிக்கிற தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை பெயரில் 75,000 ரூபாய் வைப்பு நிதி போடும் திட்டம் தமிழக அரசில் இருக்கிறது. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை போடவில்லையென்றால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

கணக்கைப் பற்றியும் பயப்பட வேண்டாம். பொதுத்தேர்வில் ஒரு பாடம் போனால்கூட உடனடித் துணைத்தேர்வு இருக்கிறது. அதே வருடமே பதினொன்றில் சேரலாம். இதை அவனுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா? "பத்தாவது போனா வாழ்க்கையே போச்சு" என்பதைத்தான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

இனி உங்கள் அக்கா. ராத்திரி போன் செய்து, "ஒழுங்கா படிக்கிறியா, உனக்காகத்தான் இங்க கிடந்து கஷ்டப்படுறேன்" என்று அழுகிறாரோ? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். அந்த அழுகை நியாயமானது. இருந்தாலும் பதினைந்து வயதுப் பையன் அதைக் கடனாக எடுத்துக்கொள்வான். திருப்பிக் கொடுக்க முடியாத கடன்காரன் போனை எடுக்கவே தயங்குவான். அக்கா தன் நாளைப் பற்றிச் சொல்லட்டும். இன்றைக்கு எத்தனை பீஸ் மடித்தாள், ஓவர்டைம் உண்டா, கேன்டீன் சாம்பார் எப்படி. மார்க்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவன் அப்பாவைப் பற்றி உங்கள் வீட்டில் பேசுகிறீர்களா? படத்துக்கு மாலை போட்டு சீரியல் பல்பு மாட்டிவிட்டு, பெயரை எடுத்தால் பையன் அழுவான் என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். அழட்டுமே. "உங்கப்பா பைக்கைத் துடைச்சா ஒரு மணி நேரம் துடைப்பாரு" என்று சாப்பிடும்போது சாதாரணமாக எடுத்துவிடுங்கள். பதில் வராது. பரவாயில்லை, இன்னொரு நாள் இன்னொன்று சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். தூக்கம், சாப்பாடு மொத்தமாகக் கெட்டுப்போனாலோ, தனக்குப் பிடித்த பொருளை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ, அவனைத் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். காய்ச்சலுக்குக் கூட்டிப்போவது போலக் கூட்டிப் போங்கள்.

கடைசியாக அந்தப் பெல்ட். குறை சொல்லும்போது போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்ட பையன், மெஷின் நின்றால் சித்திக்குச் சோறு இல்லை என்று தெரிந்து எழுந்து வருகிறான். யாரும் கூப்பிடாமலேயே வருகிறானா? காவாய்த் தீவுப் பிள்ளைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற ஒரு வேலை கையில் இருந்தது. விளையாட்டுக்குக் கொடுத்த வேலை இல்லை, அவன் செய்யாவிட்டால் நின்றுபோகிற வேலை.

அதனால் மெஷினை மொத்தமாக அவனிடம் ஒப்படைத்துவிடுங்கள். எண்ணெய் போடுவது, பாபின் பெட்டியில் பஞ்சு எடுப்பது, ஊசி வாங்கி வருவது எல்லாம் அவன் பொறுப்பு. மாதத்துக்கு ஐம்பதோ நூறோ கையில் கொடுங்கள். ஒரு வாரம் எண்ணெய் போட மறப்பான். நீங்கள் போடாதீர்கள், ஞாபகப்படுத்தவும் வேண்டாம். கடகடவென்று சத்தம் வரும்; அடுத்த அறையில் படுத்திருப்பவனுக்கு அது கேட்கும்.