கிரையப் பத்திரத்தில் ஃபெய்த்

அண்ணாச்சிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் மனு, கடிதம் டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஃபெய்த் என்றால் இங்கே சபைகளில் சொல்லும் விசுவாசம் என்றுதான் நினைத்திருந்தேன். பேங்க் மேனேஜருக்குப் போகும் கடிதத்தில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ எதற்கு? ஒரு வக்கீல் நோட்டீஸில், கட்சிக்காரர் ‘இன் குட் ஃபெய்த்’ நிலம் வாங்கினார் என்று இருக்கிறது. ‘நல்ல நம்பிக்கையில்’ என்று தமிழில் போடலாமா?
- ஒரு வாசகர்

தம்பிக்கு,

போட்டுவிடாதீர்கள். வாங்கியவர் யாரையோ நம்பி ஏமாந்தார் என்று அர்த்தம் போய்விடும். மனதில் கள்ளம் இல்லாமல் வாங்கினார் என்பதே அங்கே விஷயம். ‘நல்லெண்ணத்துடன்’ என்று எழுதுங்கள்.

கள்ளமில்லாமை மட்டும் போதுமா என்பதில் சட்டங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொதுவாகப் பொருள் சொல்லும் 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி, நேர்மையாகச் செய்திருந்தால் கவனக்குறைவு இருந்தாலும் அது குட் ஃபெய்த்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, உரிய கவனமில்லாமல் செய்தது குட் ஃபெய்த் ஆகாது என்றது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. நிலத்துக்கு வந்தால், 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. உண்மையான உரிமையாளரின் சம்மதத்தோடு, வெளிப்பார்வைக்கு உரிமையாளராக இருப்பவரிடம் விலை கொடுத்து வாங்கியவரை அது காப்பாற்றும். ஆனால் விற்பவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று வாங்கியவர் தக்கபடி விசாரித்திருக்க வேண்டும். வில்லங்கம் போட்டுப் பார்க்காமல், மூலப்பத்திரம் கேட்காமல், ‘தெரிந்த ஆள்தானே’ என்று அட்வான்ஸ் கொடுத்தவர் குட் ஃபெய்த் என்று வாதாடுவது கஷ்டம்.

வேர்ச்சொல் லத்தீனின் ஃபிடெஸ். ஒருவர் மேல் வைக்கும் நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்யாமை, இரண்டும் அதில் உண்டு. நீங்கள் சொன்ன விசுவாசமும் அப்படித்தானே? சபையில் ஒரு பொருள், ‘முதலாளி விசுவாசம்’ என்னும்போது இன்னொன்று.

பிரயோகத்தில், ஃபெய்த்தை வினையாக்கி ‘ஐ ஃபெய்த் யூ’ என்று எழுத முடியாது. ‘ஐ ஹேவ் ஃபெய்த் இன் யூ’தான். ‘கீப் ஃபெய்த் வித்’ என்றால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. ‘ஃபெய்த்ஸ்’ என்று பன்மையில் வந்தால் மதங்கள். தென்காசி பஸ் ஆறு மணிக்கு வரும் என்று நினைப்பதற்கு பிலீவ் போதும், ஃபெய்த் வேண்டாம் (அந்த பஸ்ஸுக்கு ஒருவேளை வேண்டுமோ என்னவோ).

கடிதத்தில் வருவது வெறும் சம்பிரதாயம். ‘டியர் சார்’ என்று தொடங்கினால் ஃபெய்த்ஃபுல்லி. பெயர் போட்டுத் தொடங்கினால் சின்சியர்லி. இது பிரிட்டிஷ் வழக்கம். ‘யுவர்ஸ்’ஸில் எஸ்ஸுக்கு முன்னால் மேற்புள்ளி (அப்பாஸ்ட்ரஃபி) வைப்பதை இன்றே நிறுத்துங்கள், ஃபெய்த்ஃபுல்லியின் எஃப் சின்ன எழுத்து, கடைசியில் எல் இரண்டு.