வாசலில் இருந்து திரும்பியவருக்கு

அன்புள்ள அண்ணா,

எனக்கு வயது 43. கடைசி ஐந்து வருடம் தினமும் குடித்தேன். டாக்டரிடம் சிகிச்சை எடுத்து, நிறுத்தி இன்றோடு 26 நாள். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் வாசல் வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால்? எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லச் சொன்னால்? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. உட்கார்ந்து பேசினால் குடி நின்றுவிடுமா? மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

26 நாள் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கொண்டே இருங்கள்.

அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் என் அண்ணனோடு ஒரு திறந்த கூட்டத்துக்குப் போனேன். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். அங்கே ஒருவர், பாட்டிலை ஒளித்த இடம் தனக்கே மறந்துபோய் இரவு முழுக்க வீட்டைப் புரட்டிப்போட்ட கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அந்த வீட்டில் தூங்காமல் கிடந்தவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் கண் கலங்கியிருந்தது. வெளியே வந்ததும், "நானும் இப்படித் தேடியிருக்கேண்டா" என்றார். அதுவரை எங்களில் ஒருவரிடமும் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் வாசலில் கேட்டதும் அந்த மாதிரிச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

இந்தக் கூட்டங்கள் எப்படித் தொடங்கின என்று தெரிந்தால் உங்கள் தயக்கம் கொஞ்சம் குறையலாம். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஓர் ஓட்டல் லாபியில் பில் வில்சன் என்பவர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த வியாபாரக் காரியம் கெட்டுப்போயிருந்தது. பக்கத்திலேயே பார். அவர் தொலைபேசியை எடுத்து, அந்த ஊர்ப் பாதிரியார்களைக் கூப்பிட்டு, தான் பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். கடைசியில் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், ஓர் அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது.

பில் அன்று பேச ஆள் தேடியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அப்படித்தான் நீங்கள் தேவை. பத்து வருடமாகக் குடிக்காத ஒருவர், 26 நாள் ஆனவரைப் பார்க்கும்போது தன் 26-ஆவது நாளை மறக்காமல் இருக்கிறார். அதனால் கூசிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் போவதே அவர்களுக்கு ஓர் உதவி.

சரி, உங்கள் பயங்களுக்கு வருகிறேன். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். தெரிந்தவர் இருந்தால், அவரும் உங்களைப் போலத் தயங்கித் தயங்கி வந்தவராகத்தான் இருப்பார். அங்கே கேட்டதையும் பார்த்தவர்களையும் வெளியே பேசுவதில்லை என்பது அவர்கள் காக்கும் வழக்கம். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது, உண்டியல் சுற்றி வரும், விரும்பினால் போடலாம்.

கடவுள் விஷயம் உண்மையாகவே சிலருக்குத் தடைதான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழி 12 படிகள். அவற்றில் கடவுள் வருகிறார், "நாம் புரிந்துகொண்டபடியான" என்ற சொற்களோடு. கடவுள் என்ற சொல்லுக்குத் தங்கள் குழுவையே பொருளாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அதுவும் ஒட்டவில்லை என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி மாதிரி, இந்தப் படிகள் இல்லாத குழுக்கள் இருக்கின்றன. இணையவழிக் கூட்டங்களும் உண்டு. ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் இருக்கிறது.

பேசினால் நிற்குமா என்று கேட்டீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, அலசியது. நோயாளியை முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற நல்ல சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது. எல்லாருக்கும் நிற்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. டாக்டரையும் மருந்தையும் விட்டுவிடாதீர்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டாலும் கூட்டத்துக்குப் போங்கள். என் அண்ணன் இரண்டு முறை அப்படிப் போனார். யாரும் கணக்குக் கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

அப்புறம், மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அந்த 26 நாளை அவரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருப்பார். குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்ற தனிக் குழு 1951-இலிருந்து இருக்கிறது. விரும்பினால் அவர் அங்கே போகலாம்.

இந்த முறை பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். கூட்டம் நிறைந்த அறைக்குள் நுழைவதைவிட, நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும் இருவரிடம் பேசுவது எளிது. முடிந்ததும் உடனே கிளம்பாமல், ஒருவரிடமாவது போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் கை நடுங்கும்போது கூப்பிட அது வேண்டும்.

அடுத்த கூட்டம் எந்தக் கிழமை? போய் வந்து எழுதுங்கள்.