பகல் சுருங்கினால் மனசும் சுருங்குமா?

கேள்வி: குளிர்காலம் வந்தாலே எழுந்திருக்கப் பிடிப்பதில்லை. தூக்கமும் பசியும் கூடிவிடுகின்றன. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: சோம்பேறித்தனம் காலண்டர் பார்த்து வராது, சகோதரி! வருஷா வருஷம் அதே பருவத்தில் வந்து, பகல் நீளும்போது தானே விலகினால் அது பருவகால மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் சக ஆய்வாளர்களும் 1984-ல் இதை விவரித்தார்கள். தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம்தான்.

அதனால் எழுந்த கையோடு வெளியே போங்கள். மேகமூட்டமான வானம்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம். இதற்கென்றே 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) விளக்குகள் உண்டு. காலையில் அரை மணி நேரம் அதன் முன் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. கண் நோயோ, மனம் சோர்வுக்கும் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் மாறி மாறித் தாவும் இருதுருவக் கோளாறோ (பைபோலார்) இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சிலருக்கு மனம் எதிர்ப்பக்கம், அதாவது மிதமிஞ்சிய உற்சாகத்துக்கு, எகிறிவிடும். மாலையில் இந்த விளக்கை வைத்துக்கொண்டு, 'ராத்திரி தூக்கமே இல்லை டாக்டர்' என்று என்னிடம் வருகிறவர்களும் உண்டு!

இரண்டு வாரம் தாண்டியும் வேலை ஓடவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு சிகிச்சை, மருந்து இரண்டுமே பலன் தரும். வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.