நக்கீரர் வேடம் யாருக்கு?

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் சாமி படம் எடுக்கத் தடை போட்டால் என்ன? பக்தி உள்ளவர் எடுத்தால்தானே படத்தில் தெய்வீகம் இருக்கும்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தடை போட்டால் முதல் நஷ்டம் பக்தர்களுக்குத்தான். இத்தாலிய இயக்குநர் பசோலினி மார்க்சியர், நாத்திகர். 1963இல் அவருடைய குறும்படம் ஒன்று மதத்தை இழிவு செய்கிறது என்று சொல்லி நீதிமன்றம் தண்டனையே விதித்தது. அதே மனிதர் அடுத்த வருஷம், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பைபிள் பகுதியான மத்தேயு நற்செய்தியைப் படமாக்கினார். இயேசு வாயில் புதிதாக வசனம் எதுவும் திணிக்கவில்லை. மத்தேயு எழுதியதைத்தான் அவர் பேசுகிறார். இயேசுவாக வந்தவர் அதற்கு முன் நடித்தே இராத ஒரு ஸ்பானிய மாணவர். சிலுவையடியில் கதறும் வயதான மரியாள், பசோலினியைப் பெற்ற தாய். எருசலேமாக நின்றது தெற்கு இத்தாலியில் மத்தேரா என்கிற ஏழை ஊர். தொழுநோயாளி குணமாகும் இடத்தைப் பாருங்கள்: ஒரு ஷாட்டில் சிதைந்த முகம், அடுத்த ஷாட்டில் நல்ல முகம். அவ்வளவுதான். ஒளிவட்டம் கிடையாது, இடி மின்னல் கிடையாது.

படத்தை மறைந்த போப் 23ஆம் ஜானின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார். வெனிஸ் விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு அதற்குப் பரிசு தந்தது. சினிமாவுக்கு நூறு வயதானபோது, 1995இல், வத்திக்கான் 45 முக்கியமான படங்களைப் பட்டியலிட்டது. அதிலும் இந்தப் படம் உண்டு. வத்திக்கானுக்கே வராத கவலை உங்களுக்கு எதற்கு?

(இந்திய சினிமாவின் முன்னோடி, நம் பால்கேயும் பம்பாயில் இயேசு படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கிருஷ்ணனையும் ராமனையும் இப்படித் திரையில் பார்க்க மாட்டோமா என்று ஏங்கினார். இந்தியப் புராணப் படத்தின் தொடக்கமே அடுத்த வீட்டுச் சாமியிடம் வாங்கிய கைமாற்று.)

சரி, பக்தர்கள் எடுத்ததற்கு வருவோம். தீண்டாமையால் கோயிலுக்குள் விடப்படாத சிவபக்தர் நந்தனாரைப் பல முறை படமாக்கியிருக்கிறோம். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் சம்பளத்துக்கு நந்தனாராகவே நடித்தார். 1942இல் தண்டபாணி தேசிகர். திருப்புன்கூரில் நந்தி விலகும். பார்க்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் நந்தி விலகிய பிறகும் நந்தனார் நின்றது கோயிலுக்கு வெளியேதான். தில்லையிலோ, அதாவது சிதம்பரத்திலோ, இன்னும் மோசம். பெரியபுராணப்படி, இறைவன் அந்தணர்களின் கனவில் வந்து, 'அவனை உள்ளே விடுங்கள்' என்று சொல்லவில்லை, அவர் இறங்குவதற்குத் தீ மூட்டச் சொன்னார். கல் நந்தியை நகர்த்திய கடவுள் வாசலில் நின்ற மனிதர்களை ஏன் நகர்த்தவில்லை? இறையியல் என்ற ஒன்று தொடங்கினால் இங்கேதான் தொடங்க வேண்டும். பக்திப் பரவசம் அதற்கு நேரம் தருவதில்லை. அற்புதம் நடந்து, கண்ணும் கலங்கிவிட்டால் அடுத்த கீர்த்தனைக்குப் போய்விடலாம். அற்புதம் கடவுளைக் காட்டுகிறது என்று நினைக்கிறோம். பல படங்களில் அது நம்மை மறைக்கத்தான் பயன்பட்டிருக்கிறது.

'ஏ.பி. நாகராஜன் பக்தர் இல்லையா, அவர் எடுத்ததில் தெய்வீகம் இல்லையா?' என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஊரே இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வது எதை? ஆயிரம் பொன்னுக்காகத் தருமி புலம்புவதையும், நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று நக்கீரர் சிவனின் முகத்துக்கு நேரே சொல்வதையும்தான். நம்பிக்கை இல்லாதவர் படத்தில் இப்படி ஒரு காட்சி வந்தால், தடை கேட்டு முதலில் எழுதுவது நீங்களாகத்தான் இருக்கும். அப்புறம் இன்னொன்று: அந்த நக்கீரர் வேடத்தை நாகராஜன் வேறு யாருக்கும் தரவில்லை. தானே போட்டுக்கொண்டார்.