தாராசுரத்தில் தாத்தா குனிந்து பார்த்த கல்

‘பழைய கோவில்களுக்குப் போகும்போது தலபுராணம் தெரிந்திருக்க வேண்டுமா? யார் கட்டியது, எந்த நூற்றாண்டு என்று தெரிந்தால் போதாதா? புராணம் எல்லாம் கட்டுக்கதைதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. தாராசுரத்தில் போதவே போதாது.

நீங்கள் விடுமுறைக்குக் கும்பகோணம் பக்கம் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள், கூட வருகிற யாரோ ‘கதையெல்லாம் எதற்கு, சிற்பத்தைப் பார்த்தால் போதும்’ என்று சொல்லியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். என் தங்கை கணவரும் அதையேதான் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

நான் தாராசுரத்துக்காரன். எங்கள் வீடு தறி வீடு. தாத்தா நாற்பது வருடம் பட்டு நெய்தவர். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தமிழை அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனாலும் அறுபத்துமூன்று நாயன்மார்களின் கதையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பாதி, கோவிலில் நடக்கும் சொற்பொழிவுகளில் கேட்டது. மீதி, ஐராவதேசுவரர் கோவில் கல்லில் பார்த்தது.

கோவிலை எழுப்பியது 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜன். அப்போது ஊருக்கு இராஜராஜபுரம் என்று பெயர். துர்வாசர் சாபத்தால் வெள்ளை நிறத்தை இழந்த இந்திரனின் யானை ஐராவதம் இங்கே வழிபட்டு நிறம் மீண்டது என்பது தலபுராணம். உடல் எரிச்சலோடு வந்த யமன் மூழ்கி எழுந்து குளிர்ந்ததால் குளத்துக்கு யம தீர்த்தம் என்று பெயர். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவையும் எந்தப் பலகையிலும் படித்துவிடலாம். நான் சொல்ல வந்தது கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் ஓடும் சிற்ப வரிசையைப் பற்றி. ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கும் குறைவு. பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். நாயன்மார் வரலாறுகள்தான் அத்தனையும். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த இராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஏட்டில் ஏறிய கதை அடுத்த தலைமுறைக்குள் கல்லிலும் ஏறிவிட்டது. சிற்பி உளியை எடுத்ததே அந்தக் கதையைச் சொல்லத்தான். கதையைத் தள்ளிவிட்டுச் சிற்பத்தை மட்டும் பார்ப்பது எப்படி?

போன வருடம் தங்கை குடும்பத்தோடு வந்தாள். மாப்பிள்ளை ஆசைப்பட்டார் என்று ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டோம். அவர் நேராகத் தேர் மண்டபத்துக்குப் போனார், சக்கரம், குதிரை. ஒரே தலையை யானையும் காளையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பம். தட்டினால் சுரம் எழும் பலிபீடப் படிகள். அந்தப் படிகளைக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள், நல்லது. அதன் பிறகு இந்தக் காலத்து அறிவியலுக்கே எட்டாத மர்மத் தொழில்நுட்பம் என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாயன்மார் வரிசையைத் தாண்டும்போது ‘இதெல்லாம் சின்னச் சின்னக் கதைகள்’ என்று கைகாட்டிவிட்டு நடந்தார். அவர் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. கேட்பவர்களுக்குப் பிடித்ததைத்தான் அவரும் சொல்கிறார். ஆனால் சேக்கிழார் சொன்னது கட்டுக்கதை, மர்மத் தொழில்நுட்பம் மட்டும் வரலாறா?

தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் சிலைகளின் உடையைக் காட்டுவார். இடுப்புத் துணியில் ஓடும் கோடுகளையும் பூக்களையும் விரலால் தொடாமல் காற்றிலேயே எண்ணி, ‘இது இத்தனை இழை’ என்பார். அந்தக் கண் உள்ளவர் நெய்த சேலைக்கு என்ன கூலி கிடைத்தது என்று எனக்குத் தெரியும். இன்று பெரிய ஊர்க் கடைகளில் விசைத்தறித் துணிக்குக் கைத்தறி என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை. முந்தானையின் பின்பக்கத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அப்பா தறியை விட்டதற்குக் காரணம் இதுதான். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், மன்னியுங்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வரிசையில் ஒரு கல்லின் முன்னால் மட்டும் தாத்தா அதிக நேரம் நிற்பார். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிற சிற்பம். அவிநாசியில் சுந்தரர் ஒரு தெரு வழியே போகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மங்கல ஓசை. எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வயது. குளிக்கப் போன இடத்தில் ஒருவனை முதலை விழுங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சுந்தரர் வறண்டு கிடந்த குளக்கரையில் நின்று, அந்தப் பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லிக் காலனுக்கு உத்தரவிடும்படி சிவனைப் பாடுகிறார். பிள்ளை வருகிறான், இடையில் போன வருடங்களின் வளர்ச்சியோடு.

தாத்தா குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவர் காலமான பிறகு பாட்டிதான் சொன்னார். தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தான். ஏழு வயதில் அரசலாற்றில் குளிக்கப் போய்ச் சுழலில் போய்விட்டான். கூடப் போனவர் தாத்தா.

இதை வைத்து முதலை உண்மையில் பிள்ளையைக் கக்கியது என்று நான் நிரூபிக்க வரவில்லை. நான் வரலாற்று மாணவனும் அல்லன். கல்வெட்டு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோழர்கள் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்த துவாரபாலகர் சிலை இந்த ஊரில்தான் இருந்தது. இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் பீடத்தில் வெட்டியிருக்கும் எழுத்தைப் படித்தால் மெய் சிலிர்க்கும். இரண்டும் வேண்டும் என்கிறேன். ‘கட்டுக்கதை’ என்ற ஒரு சொல்லால் என் தாத்தா நின்ற இடத்தைத் துடைத்துவிடாதீர்கள்.

மாப்பிள்ளை அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, நேரமாகிறது என்று வாசல் பக்கம் போனார். நான் பதில் பேசவில்லை. தங்கை மகள் மட்டும் என்னோடு நின்றாள். எட்டு வயது. அவள் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, ‘மாமா, அத்தனை வருடம் கழித்து வந்தவனுக்கு அவன் அம்மாவை அடையாளம் தெரிந்ததா?’ என்றாள்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றேன்.