ராத்திரி குடித்தது காலையில் ஊதினால் காட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 44, எடை 68 கிலோ. திருச்சியில் சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் இரவு 9 மணியிலிருந்து 12 மணி வரை ஒரு குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும் பிராந்தி குடித்தேன். படுத்துத் தூங்கி எழுந்து, குளித்து, விபூதி பூசி, காபி குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். காலை 6.45-க்கு மடக்கி ஊதச் சொன்னார்கள். 46 காட்டியது. கை லேசாக நடுங்கியது, வியர்த்தது. பயத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போதை துளியும் இல்லை. ராத்திரி குடித்ததற்குக் காலையில் கேஸ் போடுவது என்ன நியாயம்? சட்டம் இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கருவி காட்டிய எண்ணில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குவார்ட்டர் 180 மில்லி, கட்டிங் 90 மில்லி, ஆகமொத்தம் 270 மில்லி. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படியானால் அதில் சுத்த ஆல்கஹால் 115 மில்லிக்குச் சற்று மேல், எடையில் சுமார் 91 கிராம். ஆல்கஹால் கொழுப்பில் சேராது, உடம்பின் நீர்ப்பகுதியில்தான் பரவும். 68 கிலோ ஆணுக்கு அது பரவும் இடம் ஏறத்தாழ 46 கிலோ. 91 கிராமை அதில் கரைத்தால் 100 மில்லி ரத்தத்துக்கு 197 மில்லிகிராம் வருகிறது. கல்லீரல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் குறைக்கும். முதல் மடக்கிலிருந்தே அந்த வேலை தொடங்கிவிடுவதால் 9 மணியிலிருந்து எண்ண வேண்டும். காலை 6.45 வரை ஒன்பதே முக்கால் மணி நேரத்தில் 146 கழியும். மிச்சம் 51. கருவி 46 காட்டியிருக்கிறது. சாப்பாட்டோடு குடித்திருந்தால் இவ்வளவு வித்தியாசம் சகஜம்.

46 சின்ன எண்ணாகத் தெரியலாம். அந்த நேரத்தில் உங்கள் உடம்பில் இருந்த ஆல்கஹால் சுமார் 21 கிராம். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

15 என்பது சராசரி மட்டுமே. ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 20 என்று மாறும். மணிக்கு 20 கழிகிற ஆள் உங்கள் அளவே குடித்திருந்தால் காலை ஏழு மணிக்கெல்லாம் பூஜ்யத்துக்கு வந்திருப்பார். 10 கழிகிறவர் 30-க்குக் கீழே இறங்கவே மதியம் ஒன்றே முக்கால் ஆகிவிடும். 'நேற்று அவனும் நானும் ஒன்றாகத்தான் குடித்தோம், அவனுக்கு ஒன்றும் காட்டவில்லை' என்ற வாதம் இதனால்தான் எடுபடாது. பெண்களுக்கு உடம்பில் நீர்ப்பகுதி குறைவு. அதே எடையில் அதே அளவு குடித்தாலும் அவர்களுக்கு எண் கூடுதலாக வரும்.

தூக்கமும் குளியலும் காபியும் ஏன் உதவவில்லை? ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதி கல்லீரலில் ஓரளவுதான் உண்டு. ஒரே கவுன்ட்டர் திறந்திருக்கும் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் நிமிடத்துக்கு இத்தனை வண்டிதான் தாண்டும். காபி உங்களை விழிக்க வைக்குமே தவிர கவுன்ட்டரைக் கூட்டாது. மோர், எலுமிச்சை, இளநீர் எல்லாம் தாகத்துக்கும் வறட்சிக்கும் நல்லது, அதோடு சரி. வியர்வை, சிறுநீர், மூச்சு மூன்றிலுமாக வெளியேறுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காலையில் வாந்தி எடுத்தும் பயனில்லை, சரக்கு அதற்குள் குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்திருக்கும். கிராம்பு, ஏலக்காய், வெற்றிலை எதை மென்றாலும் வாய் மணக்கும். ஆனால் கருவி அளப்பது நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை.

மனதில் போட்டுக்கொள்ள வசதியாக ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் எடைக்குக் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 கிராம் எரிக்கும். 30 மில்லி ஸ்மால் ஒன்றில் 10 கிராம் இருக்கிறது, அது தீர ஒன்றரை மணி நேரம். லார்ஜுக்கு மூன்று மணி. குவார்ட்டருக்கு ஒன்பது. 650 மில்லி பீர் பாட்டிலில் 5 சதவீத வகைக்கு நான்கு மணி, 8 சதவீத ஸ்ட்ராங் வகைக்கு ஆறு மணி. 'பீர்தானே' என்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜுக்குச் சமம்.

'போதை துளியும் இல்லை' என்கிறீர்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன். அளவு ஏறும்போது 46-இல் கிறுகிறுப்பு தெரியும், இறங்கும்போது அதே 46-இல் தெளிந்துவிட்டது போல இருக்கும். மூளை அந்த உணர்வுக்கு முதலில் பழகிவிடுகிறது, கை கால் வேகம் அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. முன்னால் போகும் லாரியையும் ஓரத்தில் வரும் சைக்கிளையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் திறன்தான் முதலில் அடிபடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பிரேக்கில் கால் போவது நொடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதமானால் ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய்த்தான் நிற்கும். உங்கள் வேனின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதோடு தூக்கமும் சேர்கிறது. குடித்துவிட்டுப் படுத்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பின்னிரவில் அது துண்டுதுண்டாகிவிடும். அதனால் மீட்டர் பூஜ்யம் காட்டும் காலையிலும் தலைப்பாரத்தோடு ஓட்டுகிறவரின் கவனம் வழக்கமான தரத்தில் இருக்காது.

சட்டத்தை விட எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் கை நடுக்கமும் வியர்வையும்தான். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சர்க்கரை இறங்கியிருக்கலாம். ராத்திரி சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ரத்தத்துக்கு அனுப்பும். ஆல்கஹால் அந்த உற்பத்தியைத் தடுத்துவிடும். கிளிமிபிரைடு மறுபுறம் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் விடிகாலையிலும் மறுநாள் முற்பகலிலும் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். அப்போது வரும் தடுமாற்றத்தையும் குழறலையும் பார்க்கிறவர்கள் குடிபோதை என்றே நினைப்பார்கள், உதவி கிடைக்கத் தாமதமாகும். குடித்த மறுநாள் காலை குளுக்கோமீட்டரில் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் இட்லியோ ரொட்டியோ சாப்பிடுங்கள். அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டாம். மெட்ஃபார்மின் எடுப்பவர் இவ்வளவு குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்தும் இருக்கிறது. அபூர்வம்தான், வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், குடிக்குப் பழகிய உடம்பு அடுத்த டோஸ் கேட்பது. விசேஷத்துக்கு மட்டும் குடிப்பவருக்கு இது வராது. தினமும் குடித்து, காலை நடுக்கம் ஒரு கட்டிங் போட்டால் நிற்கிறது என்ற நிலைக்கு வந்திருந்தால் உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த நிலையில் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் மனக்குழப்பமும் மாயத்தோற்றமும் வரலாம். மாத்திரை, தயமின் ஊசியோடு மருத்துவமனையில் நிறுத்துவதுதான் முறை. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் வழி கேட்கலாம்.

இனி, சட்டம் கறாரா என்ற கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் வரம்பு 30 மில்லிகிராம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். எப்போது குடித்தீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை, ஓட்டும்போது ரத்தத்தில் எவ்வளவு என்றுதான் பார்க்கிறது. மருத்துவக் கண்ணோட்டத்தில் அது சரியே. சாலைக்கு ராத்திரியும் பகலும் ஒன்றுதான். பகலில் பள்ளிப் பிள்ளைகளும் நடந்து போகிறார்கள்.

மற்ற இடங்களில் இங்கிலாந்தில் 1967 முதல் 80, ஸ்வீடனில் 1990 முதல் 20. பொது ஓட்டுநருக்கு 50-க்கு மேல் போகக் கூடாது, புதிதாக ஓட்டுகிறவருக்கு 20 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் 30 கடுமையான பக்கத்தில்தான் இருக்கிறது, அதைக் கூட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எண்ணைக் குறைத்தால் மட்டும் உயிர் பிழைக்காது. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 80-ஐ 50 ஆக்கியது. பின்னர் ஆராய்ந்து பார்த்ததில் விபத்து குறையவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனையைப் பெரிய அளவில் தொடங்கியது. அங்கே சாவு குறைந்தது. மாட்டுவோம் என்ற எண்ணம் இருந்தால்தான் எந்த வரம்புக்கும் மதிப்பு. நள்ளிரவில் மட்டும் நின்று ஊத வைப்பதால்தான் காலை கணக்கில் வராது என்று நீங்களும் நம்பியிருக்கிறீர்கள்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 31 காட்டியவருக்கும் 200 காட்டியவருக்கும் நம் சட்டத்தில் ஒரே பிரிவு. ஸ்வீடனில் 100-ஐத் தொட்டால் அது தனிப் பெருங்குற்றம், ஜப்பானிலும் இரண்டு படி உண்டு. அப்படிப் படிப்படியாக இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் பிறரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு 20 போதும். அவர்களை ஷெட்டிலிருந்து வண்டி எடுக்கும் முன்பே ஊத வைப்பது நல்லது. அங்கே மாட்டினால் ஒரு நாள் கூலியோடு போகும்.

சுத்தப் பூஜ்யம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பலாச்சுளைக் கதை: 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் போக்குவரத்துப் பணிமனையில் குடிக்காத ஓட்டுநர்களுக்குக் கருவி 10 காட்டியது. காலையில் நன்கு பழுத்த பலாச்சுளை தின்றிருந்தார்கள். அரிஷ்டம், சில இருமல் மருந்து, மவுத்வாஷ் எதுவானாலும் வாயில் தங்கிச் சில நிமிடம் எண்ணை ஏற்றும். இப்படி நேர்ந்தால் வாயைத் தண்ணீரில் கொப்பளித்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். தேதி, நேரம், கருவி எண் அச்சான சீட்டை வாங்கி வையுங்கள். அப்போதும் ஐயமிருந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாயில்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயிலேயே அளவு மாறலாம். உங்கள் விஷயத்தில் ரத்தம் எடுத்திருந்தாலும் 46-ஐ ஒட்டித்தான் வந்திருக்கும்.

கடையில் விற்கும் மலிவான ஊதும் மீட்டரை வாங்கி 28 என்று பார்த்துக் கிளம்பாதீர்கள். அவற்றில் இருக்கும் குறைகடத்திச் சென்சார் நாளாக நாளாகத் தடம் மாறும், சர்க்கரைக்காரரின் மூச்சில் வரும் அசிட்டோனையும் ஆல்கஹாலாக எண்ணிவிடலாம்.

மறுநாள் சவாரி இருந்தால் ஸ்மாலுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஒதுக்குங்கள். சராசரியை விட மெதுவாகக் கழிகிறவருக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும் அல்லவா. நீங்கள் அன்று குடித்தது ஒன்பது ஸ்மால், ஆக 18 மணி நேரம். இரவு 9-க்குத் தொடங்கியிருந்தால் மறுநாள் பிற்பகல் 3 மணிக்குத்தான் வண்டி. அன்று காலைச் சவாரிக்கு முந்தின நாளே மாற்று டிரைவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.